யார் மனையில் நிற்கிறது அந்தக் குடிசை?

அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரை ஒட்டி ஹெர்மிடேஜ் என்றொரு தோட்டம் இருந்தது. அதன் முதலாளி ஹென்றி மெக்அல்பின் செங்கல் சூளையும் மரவாடியும் இரும்பு வார்ப்பாலையும் நடத்தியவர். தன் அடிமைகளுக்கும் அந்தச் சூளைச் செங்கல்லிலேயே வரிசையாகச் சிறு வீடுகள் கட்டிவைத்தார். 1865-இல் அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தது. அதற்கு முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனி அந்த வீட்டு வரிசையைப் படமெடுத்து அஞ்சலட்டையாக விற்றது. 'அடிமைக் குடியிருப்பு, ஹெர்மிடேஜ், சவானா' என்று கூச்சமில்லாமல் அச்சிட்டே விற்றது. ஓக் மர நிழல், வரிசையாக வீடுகள், சில படங்களில் வாசலில் நிற்கும் கறுப்பின மக்கள். சுற்றுலா வந்தவர்கள் அதை வாங்கி, நலம் விசாரித்து எழுதி, ஊருக்கு அனுப்பினார்கள். 1935-இல் ஹென்றி ஃபோர்டு தோட்டத்து மாளிகையை வாங்கிப் பிரித்து, அந்தச் செங்கல்லை ரிச்மண்ட் ஹில்லில் தாம் கட்டிய வீட்டுக்குக் கொண்டுபோனார். அடிமை வீடுகளில் இரண்டை மட்டும் மிச்சிகன் மாநிலத்தில் தாம் அமைத்த கிரீன்ஃபீல்ட் வில்லேஜ் என்ற திறந்தவெளிக் காட்சியகத்தில் நிறுத்தினார். தோட்டம் இருந்த இடத்தில் காகித ஆலை வந்தது.

இத்தகைய அட்டைகளைப் பற்றி அமெரிக்காவில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலத்தார், தங்கள் பழைய நாட்களை அமைதியும் அழகும் நிறைந்த காலமாகக் காட்ட ஆசைப்பட்டார்கள். அந்த ஆசைக்குத் தீனி போட்ட பண்டங்களில் அட்டையும் ஒன்று என்பது பொதுவான முடிவு. அதை ஏற்கலாம். ஆனால் அந்த அட்டைகளுக்கு ஒரு நேர்மை இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடிமை என்ற சொல்லை அவை மறைக்கவில்லை. முடிந்துபோன சங்கதி என்று நம்பியதால் தாராளமாக அச்சிட்டார்கள். கரீபியக் கடலில் பொனேர் தீவின் உப்பளக் கரையில், உப்பு அள்ளிய அடிமைகள் படுத்துறங்குவதற்கென்று 1850-இல் கட்டப்பட்ட வெள்ளைநிறக் கல் குடிசைகள் இன்றும் நிற்கின்றன. நிமிர்ந்து நுழைய முடியாத உயரம். டச்சு ஆட்சி 1863-இல்தான் அங்கே அடிமைமுறையை நீக்கியது. இன்று அத்தீவின் பட அட்டைகளில் தவறாமல் இடம்பெறுவது அந்தக் குடிசை வரிசைதான். அதன் கீழும் 'அடிமைக் குடிசைகள்' என்றே போடுகிறார்கள்.

நம் பக்கம் இதற்கு நிகரான அட்டைகள் உண்டா? முன்னாள் அடிமைகளின் வீடுகள் இருந்தன. அவற்றைப் படமெடுத்து அட்டையாக விற்றவர்களும் இருந்தார்கள். படத்தின் கீழே அந்தச் சொல்லை மட்டும் எவரும் போடவில்லை. இந்தக் கட்டுரை அந்த விடுபாட்டைப் பற்றியது. கோலார் தங்கவயலிலிருந்து அதைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். முன்னாள் அடிமைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேரியை விட்டு வெளியேறிப் போய்ச் சேர்ந்த இடங்களில், நமக்கு மிக அருகில் இருப்பது அது.

முதலில் அட்டையின் கதை. அஞ்சலட்டை 1869 அக்டோபரில் ஆஸ்திரிய - ஹங்கேரியில் பிறந்தது. இந்தியாவில் காலணா அஞ்சலட்டை 1879 ஜூலையில் வந்தது. படம் அச்சிட்ட அட்டைகள் 1890-களின் இறுதியில் பரவத் தொடங்கி, முதல் உலகப்போர் வரை கொடிகட்டிப் பறந்தன. சென்னையில் வீலே & க்ளைன் என்ற ஜெர்மானியர்களின் படநிலையமும், 1844-இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும் இதில் முன்னணியில் நின்றன. ஹிக்கின்பாதம்ஸுக்கு 1905 முதல் பெங்களூரிலும் கடை இருந்தது. படம் இங்கே எடுக்கப்படும்; அச்சுவேலை பெரும்பாலும் ஜெர்மனியில் நடக்கும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அங்கேயே வண்ணமும் பூசிவிடுவார்கள். பூசியவர் சென்னையைக் கண்ணால் கண்டவரல்லர். ஆகவே பழைய அட்டையில் கூரை என்ன நிறம், சேலை என்ன நிறம் என்று ஆராய்ந்து முடிவுக்கு வருவது வீண்வேலை. ஆரம்பகால அட்டைகளில் ஒருபக்கம் முகவரிக்கு மட்டுமே. எழுத நினைப்பதைப் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கி எழுத வேண்டும். பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் செய்தி எழுதலாம் என்ற ஏற்பாட்டை பிரிட்டன் 1902-இல் கொண்டுவந்தது. பிறகு ஒவ்வொரு நாடாக அதைப் பின்பற்றியது. படம் அதன் பிறகே அட்டை முழுவதையும் நிறைத்தது.

இந்திய அட்டைகளைப் பற்றிய ஆய்வு அண்மைக் காலத்தில்தான் வேகம் பிடித்தது. ஒமர் கானின் 'பேப்பர் ஜுவல்ஸ்' 2018-இல் வந்தது. அட்டை வெளியிட்டவர்கள், படமெடுத்தவர்கள், அச்சகங்கள் என்று தொழிலின் வரலாற்றை அது விரிவாகச் சொல்கிறது. அதே ஆண்டு லண்டனில் சோயாஸ் கல்லூரியின் புருனை அரங்கில், ஸ்டீபன் ஹியூஸும் எமிலி ஸ்டீவன்சனும் சென்னை - பெங்களூர் அட்டைகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அட்டையை வெறும் படமாகப் பாராமல், நகரத்தில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் அன்றாடம் பேசிக்கொண்ட வழியாகப் பார்த்தது அவர்களுடைய பங்களிப்பு. இதற்கு நேர் எதிரான இடத்தில் நிற்பது அல்ஜீரியக் கவிஞர் மாலெக் அலூலா 1981-இல் எழுதிய நூல். பிரெஞ்சுக்காரர்கள் விற்ற அல்ஜீரியப் பெண்களின் அட்டைகளை எடுத்துக்கொண்டு, படக்கருவியே ஆக்கிரமிப்பின் ஆயுதம் என்று அவர் வழக்காடினார். டிரினிடாட், கயானாத் தோட்டங்களுக்குப் போன இந்தியப் பெண்களின் அட்டைகளைப் பற்றி, அந்தப் பெண்களில் ஒருவரின் கொள்ளுப்பேத்தியான கயூத்ரா பஹதூர் எழுதியவற்றில் இரண்டு பார்வைகளும் கலந்திருக்கின்றன. படம் எடுத்தவனின் திமிரையும் அவர் பார்க்கிறார். படத்தில் இருப்பவள் தன் கொள்ளுப்பாட்டிக்கு உறவாக இருக்கலாமோ என்றும் உற்றுப் பார்க்கிறார்.

எனக்கு இவற்றில் ஒரு குறை உண்டு. எல்லோரும் ஆட்களைப் பார்க்கிறார்கள்: முகம், உடை, நகை, நிற்கும் தோரணை. வீட்டைப் பார்ப்பவர்கள் குறைவு. வீடு நிற்கும் மண்ணைப் பார்ப்பவர்கள் அதைவிடக் குறைவு.

குடிசைப் படங்கள் தென்னிந்திய அட்டைகளில் ஒரு தனி வகை. 'சுதேசிக் குடிசை', 'கிராமக் காட்சி', 'பறையர் குடிசை' என்ற மாதிரித் தலைப்புகளில் அவை வந்தன. மக்களைச் சாதி வாரியாகப் படமெடுத்து அடுக்கும் பழக்கம் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. 1868-க்கும் 1875-க்கும் இடையே எட்டுத் தொகுதிகளாக வந்த 'இந்திய மக்கள்' என்ற அரசு வெளியீடு அதற்குப் பெரிய முன்மாதிரி. கடைக்காரர்கள் சாதியையும் தொழிலையும் தலைப்பாக்கி விற்றார்கள். மிஷனரிகளும் அட்டை போட்டார்கள், ஆனால் நோக்கம் வேறு. ஐரோப்பாவில் இருக்கும் சபையாரிடம் காணிக்கை திரட்ட வேண்டும். அதற்குச் சேரிக் குடிசையும் வேண்டும், பக்கத்தில் புதிதாக எழும்பிய பள்ளிக்கூடமும் வேண்டும். கடைக்காரரின் அட்டையில் குடிசை காலங்காலமாக அப்படியே இருப்பது போலத் தெரியும். மிஷனரி அட்டையிலோ அது இதோ மாறப்போகிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டையும் காலனியப் பார்வை என்று ஒரே மூட்டையில் கட்டுவது சோம்பேறித்தனம்.

எனினும் இரண்டிலும் விடுபட்ட செய்தி ஒன்றே. அந்தக் குடிசையில் இருந்தவரின் தாத்தா சட்டப்படி அடிமை. இதை யாரும் கற்பனையில் சொல்லவில்லை. தஞ்சாவூர், செங்கல்பட்டு, திருச்சி, மலபார் மாவட்டங்களில் பறையர், பள்ளர், செறுமர் குடும்பங்கள் நிலத்தோடு சேர்த்தும் தனித்தும் விற்கப்பட்டதையும் அடமானம் வைக்கப்பட்டதையும் கம்பெனி ஆட்சியின் ஆவணங்களே பதிவு செய்திருக்கின்றன. பொருளியல் வரலாற்றாளர் தர்மா குமார் 1965-இல் எழுதிய 'தென்னிந்தியாவில் நிலமும் சாதியும்' இதைக் கணக்குப் போட்டு முன்வைத்த முதல் நூல்களில் ஒன்று. 1843-இன் ஐந்தாவது சட்டம், அடிமை மீது எஜமானன் கோரும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்றது. அடிமையை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1862-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான். எந்தத் தேதியிலும் யாரும் மேடையேறி விடுதலை அறிவிக்கவில்லை. இழப்பீடும் இல்லை, நிலமும் இல்லை. அடிமை பண்ணையாள் ஆனான், படியாள் ஆனான். முன்பணக் கடன் பழைய கயிற்றின் வேலையைச் செய்தது.

அமெரிக்க அட்டையில் அந்தச் சொல் இருப்பதற்கும் நம் அட்டையில் இல்லாததற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. அங்கே அடிமைமுறை போர் நடந்து, சட்டம் திருத்தப்பட்டு, நாள் குறித்து முடிந்தது. முடிந்ததைப் பெயர் சொல்லி விற்கலாம். இங்கே அதை ஒரு முறை என்றே ஆட்சியாளர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்கினார்கள். ஊர் வழக்கம் என்றார்கள், சாதி ஆசாரம் என்றார்கள். ரூபா விஸ்வநாத் 2014-இல் வெளியிட்ட 'தி பறையா பிராப்ளம்' நூலின் மையவாதமே இதுதான்: நிலமும் உழைப்பும் சம்பந்தப்பட்ட கேள்வியை மதம், சமூகம் என்ற அறைக்குள் தள்ளிப் பூட்டினார்கள் என்கிறார் அவர். 'பறையர் குடிசை' என்ற தலைப்பை இந்த வாதத்தோடு சேர்த்துப் படித்தால் அது வெறும் பெயர்ப்பலகையாகத் தெரியாது.

செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891-இல் அரசுக்கு எழுதிய அறிக்கையைத் தமிழ் வாசகர்கள் பஞ்சமி நிலத்தின் தொடக்கமாக அறிவார்கள். 1892 செப்டம்பரில் வந்த அரசாணை வழியாகத் தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கும் ஏற்பாடு வந்தது. அந்த அறிக்கையில் நம் பொருளுக்கு நெருக்கமான இன்னொரு பகுதி உண்டு. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சேரியின் வீட்டுமனைகூட மிராசுதாருடையது என்பதுதான் அது. வேறொருவர் நிலத்தில் வேலைக்குப் போனாலோ, தனக்கென்று ஒரு துண்டு நிலம் கேட்டு மனுப் போட்டாலோ, குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்ல மிராசுதாரால் முடியும். இக்காடு பகுதியில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடியும், செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூவும் இதையே திரும்பத் திரும்ப எழுதினார்கள். ஆளைக் கட்டிவைக்கச் சங்கிலி வேண்டியதில்லை; அவன் மனைவி சோறாக்கும் இடம் எஜமானுடையதாக இருந்தால் போதும். அட்டையில் இது தெரியாது. மண்சுவர், பனையோலைக் கூரை, முன்னால் ஒரு கிழவி, இரண்டு பிள்ளைகள். ஏழ்மை என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு அடுத்த அட்டைக்குப் போகலாம். கூரை ஏழ்மையைச் சொல்லும். அடிமைத்தனத்தைச் சொல்ல வேண்டியது தரை; படத்தில் அது எப்போதும் வாய்மூடிக் கிடக்கிறது.

இந்தத் தரையிலிருந்து கிளம்பியவர்களில் ஒரு பகுதியினர்தான் தங்கவயலுக்குப் போனார்கள். தாது வருடப் பஞ்சம் 1876-இல் தொடங்கி வட ஆர்க்காட்டையும் சேலத்தையும் மைசூரையும் உலுக்கியது. அது ஓய்ந்த சிறிது காலத்தில், 1880-இல், ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் கோலார் சுரங்கங்களைக் கையில் எடுத்தது. அதற்கு முன்பே மைக்கேல் லாவெல் என்ற ஓய்வுபெற்ற அயர்லாந்துப் படைவீரர் 1870-களில் உரிமம் வாங்கி, தோண்டிப் பார்த்து, பணமில்லாமல் கைமாற்றியிருந்தார். சாம்பியன் படிவம் என்ற தங்கப்பாறை அகப்பட்டதும் கூட்டம் பெருகியது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்று சுரங்கங்கள் வரிசைகட்டின. பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, 1890-களில் ரயில் வந்தது. சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து 1902 ஜூனில் மின்சாரம் வந்தது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரத்துக்குக் கம்பி இழுத்திருந்தார்கள். 1901 கணக்கெடுப்பில் 38 ஆயிரம் பேர் கொண்ட ஊர். அவர்களில் பெரும்பகுதி தமிழ் பேசிய ஆதிதிராவிடர்கள்.

பட அட்டைகள் செழித்த காலமும் தங்கவயல் செழித்த காலமும் ஒன்றே என்பது நமக்கு வசதி. ஊரைக் காட்டும் அட்டைகள் எதை விரும்பின என்பதில் இரகசியமில்லை: ஷாஃப்டின் மேல் எழும் இரும்புச் சட்டகம், புகைபோக்கி, கல்லைப் பொடிக்கும் ஆலை, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடு, துரைமார் பங்களா. தொழிலாளர் லைன்கள் வந்தால் தூரத்தில், மலையடிவாரத்தில் ஒரு கோடாக வரும். சுரங்கப் பங்குகளை வாங்கியிருந்த லண்டன்காரருக்கு இயந்திரத்தைப் பார்க்கத்தான் ஆசை இருந்திருக்கும். ஹெர்மிடேஜ் வீடுகளுக்குக் கிடைத்த ஓக் மர நிழல் இங்கே இல்லை. தட்டி வீட்டில் ரசிக்க என்ன இருக்கிறது?

அந்தத் தட்டி வீடுகளைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். தொடக்க காலத்து லைன்கள் மூங்கில் தட்டியும் கூரையுமாகக் கம்பெனி இடத்தில் நெருக்கமாக நின்றவை. காற்றுக் காலத்தில் தீப்பொறி ஒன்று போதும். வேலைக்கு ஆள் பிடித்து வந்தவர் கான்ட்ராக்டர்; முன்பணம் கொடுத்தவரும் அவரே. வேலை இருக்கும் வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். சுரங்கத்திலிருந்து தங்கக் கல் திருட்டுப் போகிறது என்று காரணம் காட்டி, 1890-களின் இறுதியிலிருந்து மைசூர் அரசு கடுமையான சட்டம் போட்டது. அதன் கீழ்க் காவலும் சோதனையும் லைன்களுக்குள்ளும் நுழைந்தன. ஜானகி நாயர் தங்கவயல் தொழிலாளர்களையும் பெங்களூர் ஆலைத் தொழிலாளர்களையும் பற்றி எழுதிய 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' நூல் இந்தக் கண்காணிப்பை விரிவாகக் காட்டுகிறது. 1930-இல் விரல்ரேகை வைத்துப் பதிவு செய்யச் சொன்னபோது, சங்கம் என்ற ஒன்று இல்லாமலேயே ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வுக்கு முன்பே அவர்களைக் கொதிக்க வைத்தது அந்த ரேகை.

இந்த லைன்களை அடிமைக் குடியிருப்பு என்று சொல்லலாமா? நான் சொல்லமாட்டேன். கூலி ரொக்கமாகக் கைக்கு வந்தது. பிடிக்காவிட்டால் ஊருக்குத் திரும்பலாம்; பலர் அறுவடைக் காலத்தில் திரும்பினார்கள். மிராசுதாரின் அதட்டல் எட்டாத இடம் என்பதே அன்றைக்குப் பெரிய விடுதலை. இன்றைய சினிமா இந்த வேறுபாட்டைக் குழப்பிவிட்டது. 2018-இலும் 2022-இலும் வந்த கன்னடப் படங்கள் இரண்டும் கே.ஜி.எஃப். என்ற பெயரைச் சூடிக்கொண்டு, கற்பனைச் சுரங்கம் ஒன்றில் சவுக்கடி படும் அடிமைக் கூட்டத்தைக் காட்டின. இப்போது தங்கவயலுக்கு வரும் வெளியூர்ப் பையன்கள் சயனைடு மேட்டில் ஏறிப் படமெடுத்துக்கொண்டு, அடிமைகள் இருந்த இடம் எது என்று கேட்கிறார்கள். பழைய அட்டை, அந்தச் சொல்லைப் போட வேண்டிய இடத்தில் போடவில்லை. புதிய சினிமா போடக்கூடாத இடத்தில் போட்டது. பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) இந்த இரண்டுக்கும் இடையே வேறொரு வழியில் போனது. வட ஆர்க்காட்டின் பண்ணையடிமைத்தனத்திலிருந்து தங்கத்தை நோக்கிக் கிளம்பியவர்களை அது கதையாக்கியது. மாயமும் கனவும் கலந்த படம்தான், ஆனாலும் இருந்த இடத்துக்கும் போன இடத்துக்கும் உள்ள உறவு என்ற நூலைச் சரியாகப் பிடித்திருந்தது.

லைன்களில் வேறு என்ன நடந்தது என்று அறிய அட்டைகள் பயன்படா. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வலுவான கிளைகள் இருந்தன. சென்னையில் 1907 ஜூனில் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கிய பண்டிதரின் வார இதழுக்குத் தங்கவயல் வாசகர்கள் பெரிய பலம். 1914-இல் அவர் மறைந்தபின் இதழ் தடுமாறி நின்றது. 1926-இல் அதை மீண்டும் எழுப்பியவர் ஜி. அப்பாதுரையார், எழுப்பிய இடம் சாம்பியன் ரீஃப். பண்டிதரின் நூல்களைத் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டது. ஏ.பி. பெரியசாமிப் புலவரும் இந்த இயக்கத்துக்காக எழுதினார், பேசினார். ஜி. அலாய்சியஸ் 1998-இல் எழுதிய நூல் இந்த இயக்கத்தின் கிளைகளையும் கூட்டங்களையும் பள்ளிகளையும் தொகுத்துத் தருகிறது. வெஸ்லியன் தமிழ் மிஷனைப் பெங்களூரிலும் தங்கவயலிலும் நடத்திய ஃப்ரெட் குட்வில் போன்றவர்களும் பள்ளிகளை நடத்தினார்கள். பௌத்தரும் கிறித்தவரும் ஒரே லைனில் இருந்து தர்க்கம் பண்ணிக்கொண்டார்கள்.

ஆக, அட்டையில் வெறும் கோடாகத் தெரிந்த லைனுக்குள் உட்கார்ந்து ஆட்கள் பத்திரிகை படித்தார்கள். பிறகு பத்திரிகையே நடத்தினார்கள். வீலே & க்ளைனின் படம் ஜெர்மனிக்குப் போய் அச்சாகி வந்த அதே தலைமுறையில், படத்துக்கு உள்ளே இருந்தவர்களும் அச்சில் ஏறிவிட்டார்கள். அவர்களுக்குத் தங்கள் வீட்டைப் படமாகக் காட்டும் ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. பூர்வ பௌத்தர் என்ற பழம்பெருமையைக் காட்டவே துடித்தார்கள். அது புரிகிறது. தட்டி வீட்டை வெள்ளைக்காரன் காட்டினால் இரக்கம் வரும். தானே காட்டினால் வெட்கம்தான் வரும். பண்டிதரின் மரபில் குடிசைக்கு இடமில்லாமல் போனதற்கும், அட்டைகளில் குடிசைக்கு மட்டுமே இடமிருந்ததற்கும் உள்ள எதிர்மறை உறவை இதுவரை யாரும் அலசவில்லை என்பது எனக்கு வியப்பு.

இலங்கை மலையகத்தை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அட்டை விஷயத்தில் அது தங்கவயலைவிட வளமானது. கொழும்பின் பிளாத்தே நிறுவனம் 1890 முதல் இயங்கியது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களையும் தோட்டங்களையும் ஆயிரக்கணக்கில் அட்டையாக்கி, துறைமுகத்தில் இறங்கிய பயணிகளுக்கு விற்றது. லயங்கள் எனப்படும் தொழிலாளர் வீட்டு வரிசைகளும் அவற்றில் வந்தன. தேயிலை என்பது ஐரோப்பியர் வீட்டு மேசைக்கு வரும் பொருள். அதைப் பறிக்கும் கை யாருடையது என்று காட்டுவது விளம்பரத்துக்கும் உதவியது. தங்கத்துக்கு அந்த அவசியம் இல்லை. லய அறையின் அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது மலையகத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும். கங்காணிக்குக் கடன் தீர்ந்தது என்று காட்டும் துண்டுச் சீட்டு இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது.

ஆனால் மலையகத்தார் செய்த ஒன்றைத் தங்கவயலார் இன்னும் செய்யவில்லை. கம்பளைக்கு அருகே பாரதெக்கவில், ஓல்ட் பீகொக் தோட்டத்தின் பழைய லயத்தையே 2007-இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றினார்கள். கண்டியின் சமூக அபிவிருத்தி நிறுவனம் அதை நடத்துகிறது. அறைக்குள் பாத்திரம், விளக்கு, கொழுந்துக் கூடை, பெயர்ப் பதிவுகள். அமெரிக்காவில் லூயிசியானாவின் விட்னி தோட்டம் 2014-இல் முதலாளி மாளிகையைப் பின்னுக்குத் தள்ளி அடிமைகளின் வாழ்வை முன்வைத்துத் திறந்ததும், ஜோசப் மெக்கில் என்பவர் 2010 முதல் பழைய அடிமை வீடுகளில் இரவு தங்கி மற்றவர்களையும் தங்கவைத்துப் பேசவைப்பதும் இதே திசையில் நடந்த காரியங்கள். பாரதெக்கவின் காரியம் இவற்றைவிடத் துணிச்சலானது. காரணம், விட்னியின் குடிசைகளில் இன்று யாரும் குடியில்லை. பாரதெக்கவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் லயங்கள் இன்னும் வீடுகளாகவே இருக்கின்றன. 2023-இல் மலையகம் 200 நிகழ்வுகளில் எழுந்த கோரிக்கைகளில் முதன்மையானது காணி உரிமை. ஏழு பேர்ச் காணியோடு தனிவீடு என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது, பெரும்பாலானோர் காத்திருக்கிறார்கள்.

தங்கவயலிலும் அதே கதைதான், வேறு பெயர்களில். சுரங்கங்களை 1956-இல் மைசூர் அரசும் 1962-இல் மத்திய அரசும் எடுத்துக்கொண்டன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் வந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே போயிருந்தது. ஷாஃப்டுகள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தன. வேலை போனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் லைன்களிலேயே இருந்தார்கள். தட்டி போய், தகரமும் ஓடும் கல்நாரும் வந்து, பிறகு அவரவர் கைக்காசில் ஒரு அறை, ஒரு கக்கூஸ், ஒரு மாடிப்படி என்று சேர்ந்திருந்தது. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குக் கூலி வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போய் இரவில் திரும்புகிறார்கள். வீடு அவர்கள் கட்டியது, மனை கம்பெனியுடையது. அந்த மனையைத் தங்கள் பெயருக்கு எழுதிக் கேட்டு ஊர்வலம் போகாத சங்கம் அங்கே இல்லை.

ட்ரெமன்ஹீர் 1891-இல் எழுதிய சிக்கலின் பேரப்பிள்ளைதான் இது. மிராசுதார் போய் ஜான் டெய்லர் வந்தார். ஜான் டெய்லர் போய் அரசு வந்தது. சேரியிலிருந்து வெளியேறியவர்கள் கூலியை வென்றார்கள், எழுத்தை வென்றார்கள், சங்கம் வைத்தார்கள், சட்டமன்றத்துக்கும் போனார்கள். மனை மட்டும் கைக்கு வரவில்லை. இதை மறந்துவிட்டு லைன்களைப் பாரம்பரியச் சின்னம் ஆக்கலாம், சுற்றுலாத் தலம் ஆக்கலாம் என்று யோசனை சொல்பவர்களிடம் எனக்குப் பயம் உண்டு. குடியிருப்பவர் பெயரில் பட்டா இல்லாத வீட்டைக் காட்சிப்பொருள் ஆக்கினால், மிச்சிகனுக்குப் பெயர்ந்துபோன ஹெர்மிடேஜ் வீடுகளின் கதிதான் நேரும்: சுவர் பாதுகாக்கப்படும், குடியிருந்தவர் வேறு எங்காவது இருப்பார்.

அட்டை சேகரிப்பவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பழைய அட்டைகள் இணைய ஏலங்களில் கைமாறுகின்றன. பல்கலைக்கழக நூலகங்களும் மிஷன் ஆவணக் காப்பகங்களும் அவற்றை எண்மமாக்கி வெளியிடுகின்றன. வெளியிடும்போது அச்சிலிருந்த தலைப்பையே பதிவின் தலைப்பாகவும் வைத்துவிடுகிறார்கள். 'பறையர் குடிசை' என்ற கடைக்காரர் தலைப்பு இப்படி நூறாண்டு கழித்து ஆவணத் தலைப்பாகிவிடுகிறது. அச்சுத் தலைப்பை அழிக்கச் சொல்லவில்லை. அதுவும் ஒரு சான்று. அதன் பக்கத்தில் எந்த மாவட்டம், எந்தக் காலம், அன்றைய நிலவுரிமை என்ன, 1843-க்கும் 1862-க்கும் பிறகு அங்கே என்ன மாறியது என்று நான்கு வரி சேர்க்கலாம். செங்கல்பட்டுக்கும் தஞ்சாவூருக்கும் இந்த விவரங்கள் அச்சிலேயே கிடைக்கின்றன.

தங்கவயலுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை ஸ்டூடியோக்களில் சுரங்கத் தொழிலாளர்கள் எடுத்துக்கொண்ட படங்கள் பல வீடுகளில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும்: கல்யாணப் படம், பணி ஓய்வு நாள் மாலையோடு எடுத்த படம், லைன் வாசலில் புது சைக்கிளோடு நிற்கும் படம். இவற்றில் வீடு பின்னணியாக வரும், ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தவர் வீட்டுக்காரர். பழைய அட்டைகளையும் இந்தப் படங்களையும் ஒரே சுவரில் மாட்டி யாராவது ஒரு கண்காட்சி வைத்தால் நல்லது. லண்டனில் அல்ல, உரிகத்திலோ மாரிக்குப்பத்திலோ வைக்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் ஆண்டு, இடம், படமெடுத்தவர் என்று எழுதும்போது, மனை யார் பெயரில் இருந்தது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதையும் எழுதட்டும். பார்க்க வரும் தாசில்தாரும் அதைப் படிக்க வேண்டியிருக்கும்.